கால் நுழையாத கிண்ணம்

மார்ச் 3

சம்பந்தியம்மாவுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை போனில் உங்கள் குரல் நன்றாகவே இருந்தது. நான் பேசிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று வைக்கிற அளவுக்குத் தெம்பும் இருந்தது. அதனால்தான் கடிதம். காகிதத்தைப் பாதியில் கீழே வைத்தாலும் மீதி அதிலேயே இருக்கும்.

என் மகள் நேற்று போனில் அழுதாள். அவள் வேலைக்குச் சேர்ந்த தொழிற்சாலையில் அளவு பார்க்கும் அறை ஒன்று இருக்கிறதாம். கண்ணாடி மாதிரி பளபளக்கும் எஃகுக் கட்டைகள் அங்கே இருக்கின்றனவாம். அந்தக் கட்டைகளை வைத்துத்தான் மற்றச் சாமான் எல்லாம் சரியான அளவா என்று பார்ப்பார்களாம். இவள் கை பட்ட கட்டையில் மறுநாள் காலையில் இவள் விரல் ரேகை துருவாக ஏறியிருக்கிறது. மேற்பார்வையாளர் அந்தக் கட்டைகளை வெள்ளைத் துணியில் வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு, "இது யார் ரேகைன்னு நான் போலீஸ்ல கேக்கணுமா, இல்ல நீயே சொல்றியாம்மா?" என்று கேட்டிருக்கிறார். பஞ்சுக் கையுறை போட்டால் அது நனைந்துவிடுகிறது. ரப்பர் கையுறை போட்டால் கழற்றும்போது உள்ளேயிருந்து தண்ணீர் கொட்டுகிறது. மே மாதம் முடியும்வரை தவணை கொடுத்திருக்கிறார். அதற்குள் கை காயாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

தோல் டாக்டர் களிம்பெல்லாம் கொடுத்துப் பார்த்துவிட்டு, கரன்ட் தண்ணீர் மெஷின் ஒன்று வாங்கச் சொல்லியிருக்கிறார். இரண்டு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, ஆளுக்குத் தாங்குகிற அளவு கரன்ட் விட்டு, கிண்ணத்துக்கு ஒன்றாகக் கையை வைத்துக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்திருக்க வேண்டுமாம். வயிற்றில் பிள்ளை உண்டா, உடம்புக்குள் கம்பி உண்டா, இதயத்தில் மெஷின் உண்டா என்று எல்லாம் கேட்டு, இல்லை என்றதும்தான் சொன்னாராம். நல்ல டாக்டர்.

அதைக் கேட்டு நீங்கள் சொன்னது என்ன? "இது உங்க அம்மா வீட்டுலேர்ந்து வந்த குறை. உங்க அம்மாவே வாங்கித் தரட்டும்." என் மகள் என்ன, நீங்கள் கடையில் வாங்கிய மிக்ஸியா? உதிரிப் பாகம் கேட்டு எழுதுவதற்கு?

அவள் தானே வாங்கிக்கொள்கிறேன் என்றாள். நான் கூடாது என்று சொல்லிவிட்டேன். குறை சொன்னவர்தான் வாங்க வேண்டும்.

கல்யாண மேடையில் நடந்ததையும் நான் மறக்கவில்லை. படம் எடுக்கிறவர் மாமியாரும் மருமகளும் கைகோத்து நில்லுங்கள் என்றார். இவள் கையை நீட்டினாள். நீங்கள் உங்கள் கைக்குட்டையை முறுக்கிக்கொண்டே, "முதல்ல கையைத் துடைச்சிட்டு வாம்மா" என்றீர்கள். படக்காரர் கேமராவை இறக்கிவிட்டு மேலே மின்விசிறியைப் பார்த்தார். இவள் நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். அந்தப் படத்தில் அவளுக்கு ஒரு கைதான்.

உங்கள் மருமகளைப் பெற்றவள்


மார்ச் 11

சம்பந்தி அம்மாள் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. எழுத்துகளைக் கூட்டிப் படிக்கச் சற்று நேரமாயிற்று. தையல் ஓடினாற்போல் ஒரே இழையில் எழுதியிருக்கிறீர்கள். நடுவே ஓரிடத்தில் நூலை வெட்டியிருக்கலாம்.

மேடையில் நான் சொன்னது சுகாதாரம். அதை அவமானமாக எடுத்துக்கொள்வது வளர்ப்பு.

அந்தச் சாதனத்தின் பெயர் அயன்டோஃபொரிசிஸ். கரன்ட் தண்ணீர் மெஷின் என்று கடையில் போய்க் கேட்காதீர்கள், துணி துவைக்கும் இயந்திரத்தைக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். அதை வாங்குவது தங்கள் கடமை. எதை வாங்க வேண்டும் என்று சொல்வது என் கடமை, ஏனென்றால் மருத்துவத் துறையில் ஆயுளைக் கழித்தவள் நான்.

பொத்தானை அழுத்தியதும் முழு மின்சாரமும் பாயும் மலிவுச் சரக்கு வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கத் திருகு இருக்க வேண்டும். விட்டுவிட்டு வரும் மின்சாரம் தோலுக்கு மென்மை. தொடர்ந்து வருவது உறைக்கும், ஆனால் பிடிவாதமான கைகளுக்கு அதுதான் கேட்கும். எனவே இரண்டும் உள்ளதாகப் பார்க்கவும். பாதி நேரம் ஆனதும் மின்சாரத்தின் திசையை இயந்திரமே மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஒரு கை காய்ந்து மறு கை ஈரமாகவே நிற்கும். ஒவ்வொரு முறையும் எழுந்து கம்பியைப் பிடுங்கி மாற்றிச் செருகுவது பெரிய இம்சை. கிண்ணத்தின் அடியில் மின்சாரம் வருகிற தகட்டின் மேல் விரிக்கப் பஞ்சு விரிப்பு உடன் வருகிறதா, தகடு தேய்ந்தால் வேறு கிடைக்குமா என்றும் கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேல் கிண்ணம். கால் நுழையும் அளவுக்குப் பெரியதாக இருக்க வேண்டும். இதை அழுத்திச் சொல்கிறேன். கைதானே என்று சின்னக் கிண்ணத்தை வாங்கிவிட்டு வருஷக்கணக்கில் வருந்துகிறவர்கள் உண்டு.

என் மகன் கப்பலில் இருக்கிறான். இந்தக் கிண்ணச் சண்டையைக் கடல்வரை கொண்டுபோக வேண்டாம்.

இப்படிக்கு,
மாப்பிள்ளையின் தாயார்


மார்ச் 19

சம்பந்தியம்மாவுக்கு,

மருத்துவத் துறை என்று எழுதியிருக்கிறீர்கள். பல் டாக்டர் வாசலில் மேசை போட்டு டோக்கன் கொடுத்ததை நானும் அறிவேன். பெண் பார்க்க வந்த அன்றைக்கே நீங்கள் சொன்னதுதான். பல் டாக்டர் வாசலில் உட்கார்ந்தால் கையில் வியர்ப்பதற்கு வைத்தியம் தெரிந்துவிடும் என்றால், எங்கள் தெருமுனை பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருக்கிறவருக்கு பஸ் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் வழியில் ஒருவருக்கும் கை ஈரம் கிடையாது. நான் வெள்ளைத் துணிக்கு ஓரம் அடித்தே வயதானவள். ஒரு துணியில் என் விரல் கறை பட்டிருக்குமா? கடைக்காரர்கள் என் கையை நம்பித்தான் மாப்பிள்ளைச் சட்டைகளைக் கொடுப்பார்கள். ஆகையால் இந்தக் குறை எங்கள் வீட்டு மூட்டையில் வரவில்லை. வழியில் எங்கேயோ ஏறிக்கொண்டது.

நீங்கள் வாங்குவீர்கள் என்று இரண்டு வாரம் பார்த்தேன். கல்லில் நார் உரிக்கலாம், உங்களிடம் காசு பெயராது. சரி என்று நானே கடைக்குப் போனேன். அங்கே இரண்டு மெஷின் இருந்தன. ஒன்று நீங்கள் எழுதிய மாதிரியே, திருகும் பெரிய கிண்ணமுமாக. கடைக்காரர் அதைத்தான் முதலில் எடுத்தார்.

"இதுல எல்லாம் இருக்கும்மா. காலுக்கும் வெச்சுக்கலாம்."

"யாரு கால வைக்கச் சொன்னா? அந்தப் பக்கத்துல இருக்கறதைக் காட்டுங்க."

"அது சும்மா சாதாரணம்மா. ஒரே பொத்தான். அழுத்தினா ஓடும், அழுத்தினா நிக்கும்."

"நல்லதா போச்சு. எங்க சம்பந்தியம்மாவுக்கு இல்லாத அடக்கம் அதுக்காவது இருக்கே."

அதைத்தான் வாங்கினேன். என் மகளுக்கு எது போதும் என்று எனக்குத் தெரியும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். உடம்பில் உரம் இருந்தால் எந்தக் கிண்ணத்தில் வைத்தாலும் கை காயும். பார்சல் வந்ததும் பிரித்து அவளிடம் கொடுங்கள். பிரிக்காமல் வைத்துவிட்டு வரவில்லை என்று சொல்லாதீர்கள். தபால்காரரிடம் கையெழுத்து வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் மருமகளைப் பெற்றவள்


மார்ச் 30

சம்பந்தி அம்மாள் அவர்களுக்கு,

தாங்கள் அனுப்பிய விளையாட்டுச் சாமான் வந்து சேர்ந்தது. பிரித்தபோது உடன் வர வேண்டிய குழந்தையைத் தேடினேன்.

நான் கேட்ட எதுவும் அதில் இல்லை. தேடிப் பிடித்துத்தான் இப்படி ஒன்றை வாங்க முடியும் என்று நினைத்தேன். தாங்களே எழுதிவிட்டதால் சந்தேகம் தீர்ந்தது.

முதல் நாள் தங்கள் மகள் குடிக்கிற தண்ணீரைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் தெரியவில்லை அத்தை, மெஷின் கெட்டுவிட்டது என்றாள். வடிகட்டிய தண்ணீரில் உப்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை, மின்சாரம் எதைப் பிடித்துக்கொண்டு போகும் என்று கேட்டேன். குழாய்த் தண்ணீரை ஊற்றச் சொன்னேன். ஊற்றினாள். பொத்தானை அழுத்தினாள். எழுந்த கூச்சலில் மேல்வீட்டுக்காரர் மாடிப்படியில் இறங்கி வந்து, "யாராவது விழுந்துட்டீங்களா?" என்று கேட்டார். தங்கள் மெஷினில் மெதுவாக என்ற பேச்சே இல்லை. பிறகு தகட்டின் மேல் துண்டை நாலாக மடித்துப் போட்டு ஓரளவு தாங்கும்படி செய்தேன்.

தங்களால் ஆக வேண்டிய காரியம் ஒன்று உண்டு. அவள் விரலிலுள்ள மோதிரத்தைக் கழற்றச் சொல்லுங்கள். நான் சொன்னால், அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்கிறாள். இந்த வீட்டில் எல்லாமே அம்மாவைக் கேட்டுத்தான் நடக்கிறது. காரணம் சொல்லி விளக்கிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமையில்லை, சொன்னால் தங்களுக்கு விளங்கப்போவதும் இல்லை. கழற்றி என்னிடம் கொடுக்கட்டும். பத்திரமாக இருக்கும்.

இப்படிக்கு,
மாப்பிள்ளையின் தாயார்


ஏப்ரல் 6

சம்பந்தியம்மாவுக்கு,

மெல்ல மெல்லச் சுற்றிக் கடைசியில் மோதிரத்துக்கு வந்துவிட்டீர்கள்.

அது உங்கள் மாமியார் உங்களுக்குப் போட்ட மோதிரம். மாப்பிள்ளை அதை இவள் விரலில் போடும்போது, மேடையில் எல்லார் காதிலும் விழும்படி நீங்கள் சொன்னீர்கள்: "பத்திரம். போட்டுட்டுத் தொலைக்கிறதுக்கு வாங்கினது இல்ல." பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உங்கள் நாத்தனார் என் காதில், "எங்க அண்ணி அதைக் கழற்றிக் குடுத்ததே பெரிசு, ஒரு வருஷத்துல திருப்பிக் கேக்கலன்னா பாருங்க" என்றார். வருஷம்கூட ஆகவில்லை. மாப்பிள்ளை கப்பல் ஏறிய ஈரம் காயவில்லை, கேட்டுவிட்டீர்கள்.

பத்திரமாக இருக்குமாம். உங்களிடம் பத்திரமாக இருப்பது எதுவும் வெளியே வராது என்பது தெரிந்ததுதானே.

என் மகளிடம் நேற்றே போனில் சொல்லிவிட்டேன். "குளிக்கும்போது, தூங்கும்போது, அந்தக் கிண்ணத்துல கையை வைக்கும்போது, எப்பவும் அது விரல்ல இருக்கணும். உன் புருஷன் போட்டது. அவர் வந்து கழற்றினா கழற்றட்டும்." அவள், "இல்லம்மா, மெஷினோட வந்த காகிதத்துலயும் என்னமோ போட்டிருக்கு" என்று இழுத்தாள். "காகிதத்தை அச்சடிச்சவனுக்கு உன் மாமியாரைத் தெரியாது" என்றேன். சரி என்றாள்.

மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி. மோதிரம் இவள் கையில் இருக்கிறவரை அது என்ன சட்டி என்று நான் சொல்லுவேன்.

உங்கள் மருமகளைப் பெற்றவள்


ஏப்ரல் 14

சம்பந்தி அம்மாள் அவர்களுக்கு,

தங்கள் உத்தரவு நிறைவேறியது.

நான் கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரத்தில், தங்கள் மகள் மோதிரத்தோடு கையைக் கிண்ணத்தில் வைத்திருக்கிறாள். துண்டு துவைக்கப் போட்டிருந்ததால் அதையும் விரிக்கவில்லை. நான் திரும்பி வந்தபோது சமையலறைத் தரையில் உட்கார்ந்து விரலை ஊதிக்கொண்டிருந்தாள். மோதிரத்தைச் சுற்றித் தோல் வெந்து வெள்ளையாகி இருந்தது. விரல் வீங்கி மோதிரம் அசையவில்லை. பக்கத்து நகைக்கடையில் வெட்டித்தான் எடுத்தார்கள். தோல் டாக்டர் மருந்து வைத்துக் கட்டியபடி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். எனக்கு அந்தத் தலையாட்டல் தேவையா?

இப்போது காரணம் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீரில் உலோகம் இருந்தால் மின்சாரம் அதில் போய்க் கூடிக்கொள்ளும். வெறும் கையாக இருந்தால், தண்ணீரின் விளிம்பு மணிக்கட்டைத் தொடுகிற கோட்டில்தான் முதலில் கடிக்கும். அங்கே வாஸலின் தடவிக்கொண்டால் போதும். நகக்கண்ணில் கீறல் இருந்தால் அங்கேயும். சற்று நேரத்தில் அந்தக் கடி மரத்துவிடும். மரத்த பிறகு அடியில் சுடுவது தெரியாது, அதுதான் ஆபத்து. எழுந்த பிறகு உள்ளங்கை பழைய காகிதம் மாதிரி சொரசொரப்பாக இருக்கும். அன்றைக்கு முழுவதும் எதைத் தொட்டாலும் வேறு யாருடைய கையாலோ தொடுகிற மாதிரி இருக்கும். இத்தனையும் தெரியாமல் ஒரு பொத்தானை வாங்கி அனுப்பிவிட்டு, மோதிரத்துக்குக் காவலும் போட்டீர்கள்.

கட்டு ஈரமாகக் கூடாது. இன்னும் பல வாரத்துக்கு இடது கையைத் தண்ணீரில் வைக்க முடியாது. ஒரு கையை மட்டும் வைத்தால் மின்சாரம் ஓடாது. தவணையில் பாதி போய்விட்டது. மேற்பார்வையாளர் கட்டுப் போட்ட கையைப் பார்த்துவிட்டு, "ஒண்ணு ஈரம், இல்லன்னா காயம். உன் கைக்கு நடுவுல ஒரு நிலைமையே கிடையாதாம்மா?" என்றாராம்.

என் மாமியாரின் மோதிரம் இரண்டு துண்டாக என் மேசைமேல் கிடக்கிறது. தங்களுக்கு அவ்வளவு ஆசை என்றால் பாதியை அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
மாப்பிள்ளையின் தாயார்


ஏப்ரல் 22

சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் தையல் மெஷினில் உட்காரவில்லை. ஓரம் அடிக்காத சட்டைகள் மடியிலேயே கிடந்தன. என் பிள்ளையின் விரலை என் வாயாலேயே சுட்டுவிட்டேன். அதை நீங்கள் சொல்லி நான் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆனால் ஒன்று. "மோதிரம் போட்டால் சுடும்" என்று ஒரு வரி எழுத உங்களுக்குப் பொறுமையில்லை. விளையாட்டுச் சாமான், குழந்தை, பொம்மை என்று பக்கம் பக்கமாக எழுதப் பொறுமை இருந்தது. வெந்ததில் என் பங்கை நான் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் பங்கை உங்கள் மேசைமேல் அந்த மோதிரத் துண்டுகளுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். நிதானமாக, கூட்டிக் கூட்டி.

கடி முதலில் மணிக்கட்டுக் கோட்டில் விழும் என்று எழுதியிருக்கிறீர்கள். பிறகு மரத்துவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். உள்ளங்கை பழைய காகிதம் மாதிரி ஆகும் என்றும், வேறு யாருடைய கையாலோ தொடுகிற மாதிரி இருக்கும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். என் மகளைப் போனில் கேட்டேன். "எனக்குக் கை காயவே இல்லையேம்மா, காகிதம் மாதிரி ஆறது எனக்கெப்படித் தெரியும்?" என்றாள். அவள் சொல்லவில்லை. டாக்டர் சொல்லவில்லை. மெஷினோடு வந்த காகிதத்தையும் அவளையே போனில் படிக்கச் சொல்லிக் கேட்டேன், அதிலும் இல்லை. அப்படியானால் இது யார் கை சொன்னது?

அதிகம் படிக்காதவளுக்கு எழுதி வைக்கிற பழக்கம் கிடையாது, அதனால் எல்லாவற்றையும் மண்டையில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. பெண் பார்க்க வந்த அன்று நீங்கள் எங்கள் வீட்டு ரெக்சின் நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். எழுந்து போன பிறகு கைப்பிடியில் அஞ்சு விரலும் ஈரமாகப் பதிந்திருந்தது. டம்ளர் வியர்த்தது என்று நினைத்து நானே துடைத்தேன். கல்யாணத்தில் வந்தவர்கள் எல்லாருக்கும் கைகூப்பியே வணக்கம் சொன்னீர்கள், ஒருவர் கையையும் தொடவில்லை. என்ன மரியாதை என்று என் தங்கைகூட வியந்தாள். சாப்பிடும்போதுகூட இடது கையில் கைக்குட்டை. மேடையில் என் மகளைத் துடைச்சிட்டு வரச் சொன்னபோது நீங்கள் முறுக்கிக்கொண்டிருந்த அதே கைக்குட்டை. ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை.

சின்னக் கிண்ணத்தை வாங்கி வருஷக்கணக்கில் வருந்துகிறவர்கள் உண்டு என்றீர்கள். கம்பியைப் பிடுங்கி மாற்றிச் செருகுவது இம்சை என்றீர்கள். நீங்கள் அந்த இம்சையைப் பட்ட மெஷின் உங்கள் வீட்டிலேயே எந்த அலமாரியில் இருக்கிறது? என் மகள் அங்கே வேலை போகப் போகிறதே என்று அழுதுகொண்டிருக்கிறாள். பக்கத்து அறையில் அதைப் பூட்டி வைத்துக்கொண்டு, எனக்கு எப்படி வாங்குவது என்று பாடம் எடுத்திருக்கிறீர்கள்.

தவணை முடிய இன்னும் ஒரு மாதத்துக்குச் சற்று மேல் இருக்கிறது. எனக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். போய் அலமாரியைத் திறங்கள்.

உங்கள் மருமகளைப் பெற்றவள்


மே 5

சம்பந்தி அம்மாள் அவர்களுக்கு,

என் அலமாரியில் இருப்பது என் சொந்த விஷயம். இருக்கிறது.

டோக்கன் கொடுத்ததைக் கேலி செய்தீர்களே, அதைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். நான் கொடுத்த அட்டைகள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. வந்தவர்கள் அட்டையின் ஓரத்தை நுனி விரலால் பிடித்து வாங்கிக்கொண்டார்கள். பல் டாக்டர் எங்கிருந்தோ அந்த இயந்திரத்தை வரவழைத்து, பின்கட்டு அறையில் வைத்துக் காட்டிக் கொடுத்தார். வீட்டுக்கு எடுத்து வந்தேன். நான் தொட்ட பாத்திரத்தை மறுபடி கழுவச் சொல்கிற மாமியார் இருந்த வீட்டில் அதை எங்கே வைப்பது? என் கணவருக்குத் தெரியாது. என் மகனுக்கு இன்றுவரை தெரியாது. தங்கள் மகள் அந்தக் கையோடு இந்த வீட்டுக்குள் வந்தபோது நான் என்ன செய்திருக்க வேண்டும்? ஆளுக்கொரு கைக்குட்டையோடு எதிரெதிரே உட்கார்ந்திருக்க வேண்டுமா?

தங்கள் கடிதம் வந்த மாலையே எடுத்துச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தேன். தங்கள் மகள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கத் தெரிகிறது. அது தங்களிடம் கற்றதாக இருக்க முடியாது.

சிக்கல் என்னவென்றால், இடது கை கட்டில் இருக்கிறது.

"அத்தை, அந்தக் கைக்குப் பதிலா கால வெச்சுப் பாப்போமா?"

"அந்தக் கிண்ணத்துல கட்டைவிரல்தான் நுழையும். உன் கால் கட்டைவிரலா தொழிற்சாலையில அளவு பாக்குது?"

இரண்டு கிண்ணங்களையும் அருகருகே நகர்த்தினாள். பிறகு, "ஒரு கிண்ணத்துல என் கை. இன்னொண்ணுல உங்க கை. நடுவுல நாம ரெண்டு பேரும் பிடிச்சுக்கிட்டா கரன்ட் சுத்தி வந்துடும் அத்தை" என்றாள்.

இது எந்தப் புத்தகத்திலும் இல்லாத முறை. தோல் டாக்டரிடம் சொன்னால் இருவரையும் ஒன்றாக வெளியே அனுப்புவார், எனவே சொல்லவில்லை. யாரும் செய்யக்கூடாததும்கூட. என் பழைய இயந்திரத்தில் திருகு இருந்ததால்தான் நான் இதற்கு ஒப்புக்கொண்டேன். தங்கள் பொத்தானில் இதைச் செய்திருந்தால் இந்தக் கடிதத்தை வேறு யாராவது எழுதியிருப்பார்கள்.

அவள் வலது கை ஒரு கிண்ணத்தில், என் வலது கை மற்றதில். கட்டுக்கு மேலே அவள் இடது கையை என் இடது கையால் பிடித்தேன். பிடி நழுவியது. யாருடைய ஈரத்தால் என்று தெரியவில்லை. மறுபடி பிடித்தேன். ஈரக்கை என்பதால்தான் மின்சாரம் தடையில்லாமல் போகிறது என்றும், காய்ந்த கையாக இருந்தால் போகாது என்றும் அவள் சொல்கிறாள். ஆகவே, தாங்கள் பெருமை பேசிய அந்த வெள்ளைத் துணிக் கை இதற்கு உதவியிருக்காது.

நாள் விட்டு நாள் உட்காருகிறோம். பாதியில் கம்பியை மாற்ற நான்தான் எழ வேண்டும். எழும்போது பிடியை விட வேண்டியிருக்கிறது, திரும்பி வந்து மறுபடி பிடிக்க வேண்டியிருக்கிறது. அந்த நேரம் முழுவதும் தங்கள் மகள் வாயை மூடுவதில்லை. மேற்பார்வையாளர் நடக்கிற நடை, எஃகு துருப்பிடிக்கிற விதம், தாங்கள் சின்ன வயதில் அவளை அடித்தது. கையை எடுத்துக்கொண்டு போகவும் முடியாது. இதுவும் தாங்கள் எனக்குச் செய்த உபகாரம்.

சொன்னபடி பாதி மோதிரம் இத்துடன் இருக்கிறது.

இப்படிக்கு,
மாப்பிள்ளையின் தாயார்


ஜூன் 2

சம்பந்தியம்மாவுக்கு,

பாதி மோதிரம் வந்து சேர்ந்தது. சொன்ன சொல் தவறாதவர் நீங்கள், கெட்ட சொல்லாக இருந்தால். ஊசிப் பெட்டியில் போட்டிருக்கிறேன். குண்டூசி எடுக்கும்போதெல்லாம் விரலில் குத்துகிறது.

தவணை முடிந்த அன்று என்ன நடந்தது என்று என் மகள் உங்களுக்கு முன்னால் எனக்குத்தான் போன் செய்தாள். இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மேற்பார்வையாளர் புதுக் கட்டை ஒன்றை அவள் வலது கையில் வைத்து மூடச் சொல்லி, பிறகு வாங்கி வெள்ளைத் துணியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மறுநாள் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்தாராம். "உன் ரேகையைக் காணோமேம்மா" என்றாராம். இடது கைக்கு இப்போதைக்குக் கையுறை போட்டுக்கொள், வலது கைதான் வேலை செய்கிற கை, இரு என்று சொல்லிவிட்டார். இவள் அழுதாளாம். அழுத கண்ணை அந்தக் கையால் துடைக்கக் கூடாதே என்று சட்டைத் தோளில் துடைத்துக்கொண்டாளாம். பிழைத்துக்கொள்வாள்.

உங்கள் மாமியார் பாத்திரத்தை மறுபடி கழுவச் சொன்னது பற்றி எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததும் என் மனம் இளகிவிடும் என்று நினைத்திருந்தால் உங்களுக்கு ஏமாற்றம்தான். பட்டவள் நீங்கள். பட்ட கையாலேயே என் மகளைத் துடைச்சிட்டு வரச் சொன்னீர்கள். படாதவள் சொல்லியிருந்தால் அறியாமை என்று விட்டிருப்பேன்.

விரலில் புதுத் தோல் கட்டும்வரை இன்னும் ஒரு மாதம் இடது கையை நனைக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னாராமே. அதைக் கேட்டதும் நான் அந்தக் கடைக்குத்தான் போனேன். திருகு வைத்த மெஷின் இன்னும் அங்கேயே இருந்தது. நீங்கள் எழுதிய ஒவ்வொன்றையும் கேட்டேன். கரன்ட் தானாகத் திசை மாறுமாம். பஞ்சு விரிப்பு உண்டாம். தகடு தேய்ந்தால் வேறு கிடைக்குமாம். கிண்ணத்தைத் தரையில் வைக்கச் சொல்லி, செருப்பைக் கழற்றிவிட்டு என் காலை வைத்துப் பார்த்தேன். கடைக்காரர், "அன்னிக்கு யாரு கால வைக்கச் சொன்னான்னு கேட்டீங்களேம்மா" என்றார். "இன்னிக்கு என் கால்" என்றேன். தாராளமாக நுழைந்தது. குதிகாலுக்குப் பின்னால் இடம்கூட மிச்சம் இருந்தது. நீங்கள் எழுதியதில் ஒரு பிழையும் இல்லை. நல்ல மெஷின்.

வாங்கவில்லை.

அதை வாங்கி அனுப்பினால் என் மகள் ஒரு கிண்ணத்தில் கையையும் ஒன்றில் காலையும் வைத்துக்கொள்வாள். உங்கள் கை வேண்டியிருக்காது. கம்பியை மாற்ற எழுந்து போய்த் திரும்பி வந்து நீங்கள் மறுபடி பிடிக்கவும் வேண்டியிருக்காது. மேடையில் ஒரு படம் எடுக்கிற நேரம் பிடித்திருந்தால் போதும். அன்றைக்குப் பிடிக்காததை இப்போது நாள் விட்டு நாள் உட்கார்ந்து பிடிக்கிறீர்கள். என் கணக்கில் அது இன்னும் நேராகவில்லை.

சின்னக் கிண்ணமே இருக்கட்டும்.

உங்கள் மருமகளைப் பெற்றவள்